மடிக்கொடியில் ஒரு லேன் கேபிள்

ஸ்ரீரங்கத்தில் பிங் மாமியிடம் திட்டு வாங்காத மனிதர்கள் சிலர் இருக்கலாம். திட்டு வாங்காத மின்சாதனம் ஒன்றுகூடக் கிடையாது. கிரைண்டர், மிக்ஸி, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர், ராஜகோபுரத்துக்கும் மேலே எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள் எல்லாம் அவரிடம் வசவு வாங்கியவை. நம் வீட்டு இணையம் கம்பத்திலிருந்து கம்பத்துக்குத் தொங்கிக்கொண்டு வருகிறது, செயற்கைக்கோளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"சம்பந்தமில்லேன்னா மேல ஒக்காந்து என்ன பண்ணிண்டிருக்கான்? எறங்கி வரச் சொல்லுங்கோ" என்றார்.

நான் அப்போது அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். சித்திரை வீதியில் முன்வாசல், பின்வாசல் ஒரு சந்தில். நடுவே ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும் பழைய வீடு. எனக்குச் செய்தித்தாளில் வேலை. மாலையில் செய்தியும் படங்களும் அனுப்பியாக வேண்டும். வீட்டுக்கு மொத்தமாக ஒரே இணைய இணைப்பு. வாடகையில் அதுவும் சேர்த்தி என்று குடிவரும்போது சொன்னார்கள். அந்த இணைப்பின் உண்மையான சொந்தக்காரர் யார் என்று சொல்லவில்லை.

மாமி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டிரங்க் கால் காலத்தில் இந்தப் பக்கம் ஒரு கம்பியையும் அந்தப் பக்கம் ஒரு கம்பியையும் செருகி, ஊர்களை இணைத்துவைத்த கை. வேலையில் அவரைவிட வேகமான ஆள் இல்லை என்பார்களாம். இதைச் சொன்னவரும் மாமிதான். ஆனால் மாமா மறுத்து நான் கேட்டதில்லை. மாமா எதையுமே மறுத்து நான் கேட்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புனேயில் இருக்கும் மகன், வீடியோ காலில் பேசுவதற்காக ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அதில் அவன் விளையாடிவிட்டு அழிக்க மறந்த ஒரு ஆட்டம் இருந்தது. நாலு பேர் குழுவாக ஒரு தீவில் குதித்து, எதிரில் வருகிறவர்களைச் சுட்டுத் தள்ளி, கடைசிவரை உயிரோடு நிற்க வேண்டும். மகனின் முகம் தெரியும் பொத்தானைத் தேடிய மாமி இந்தப் பொத்தானை அமுக்கினார். சில மாதங்களில் மகனோடு பேசும் நேரம் குறைந்து, தீவில் இருக்கும் நேரம் கூடிவிட்டது.

ஆட்டத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர் 'சேனை முதல்வர்'. வைகுண்டத்துப் படைக்கெல்லாம் தலைவரின் திருநாமம் அது. குழுவின் மற்ற மூன்று பேருக்கும் அது தெரியாது. மணப்பாறைப் பையன் ஒருவன், கரூரிலிருந்து ஒருவன், எந்த ஊர் என்று கடைசிவரை சொல்லாத இன்னொருவன். மாமியை 'முதல்வர் ப்ரோ' என்று கூப்பிடுவார்கள். மாமி மைக்கைத் திறப்பதில்லை. அவர்கள் பேசுவதைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார், பதிலைத் தட்டச்சு செய்து அனுப்புவார். பதில் பெரும்பாலும் ஒரே வார்த்தை: 'குனி.' 'ஓடு.' 'மூடு.'

மாலை ஆறரைக்கு ஆட்டம். ஆறரைக்குத்தான் லைனும் கெடும்.

மாமி கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எதிரியைக் குறி பார்ப்பார். எதிரி நிற்பான். மாமி சுடுவார். படம் ஒரு கணம் உறையும். மறுபடி நகரும்போது எதிரி இடம் மாறியிருப்பான், மாமி தரையில் கிடப்பார். அப்போது கீழ்வீட்டிலிருந்து ஒரு குரல் கிளம்பும் பாருங்கள். வடக்கு வாசலில் சுண்டல் விற்பவர் அடுப்பைக் குறைப்பார் என்று தெருவில் சொல்வார்கள். கொஞ்சம் மிகை. அடுப்பைக் குறைப்பதில்லை, திரும்பிப் பார்ப்பார்.

"பிங் எவ்வளவு, பிங் எவ்வளவு" என்று வீட்டுக்கு வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் அந்தப் பெயர் வந்தது. நாம் அனுப்பிய சேதி அங்கே போய்த் திரும்பி வர ஆகும் நேரம்தான் பிங், எண் ஏறினால் லைன் மோசம். இரண்டு தெரு தள்ளிப் பூக்கொடுக்கிறவர், பால்காரர், மருந்துக் கடைக்காரர் எல்லோருக்கும் அவர்கள் வீட்டு பிங் தெரிந்தது. வேறு வழியில்லை, சொல்லாமல் மாமி விடமாட்டார்.

ஒருநாள் தரையில் கிடந்த மாமியைப் பார்த்து மணப்பாறைப் பையன் கேட்டான். காதுக்கருவி கழன்று ஒலி வெளியே வந்ததால் நானும் கேட்டேன்.

"முதல்வர் ப்ரோ, தப்பா நினைக்காதீங்க. உங்க டேப் பழசா, இல்ல நீங்க பழசா?"

மாமி டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார். மகனுக்கு போன் போட்டார். அவன் சிரித்தான்.

"அம்மா, அறுபது தாண்டிடுத்து. ரிஃப்ளெக்ஸ் அப்படித்தான் இருக்கும். நீ பேசாம சுடோகு போடேன்."

"லைன்ல தப்புடா."

"எல்லாரும் அப்படித்தான்மா சொல்லுவா."

அவன் சொன்னதில் பாதி சரி. எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவனும் சொல்வான். அவன் விளையாடித் தோற்ற காலத்தில் லைனைத் திட்டியதை மாமாவே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆண்பிள்ளை தோற்றால் லைன் சரியில்லை, அறுபது தாண்டிய பெண் தோற்றால் வயது சரியில்லை. யார் வீட்டிலும் இந்தக் கணக்கை ஒருவரும் தப்பென்று சொல்வதில்லை. எனக்கு அந்த மகன்மேல் கோபம் வந்தது. மாமிக்கு வந்ததைக் கோபம் என்ற சொல்லில் அடக்க முடியாது.

"என் கையில தப்பில்லே. லைன்லதான் தப்பு. அத நான் நிரூபிக்கறேன், இருங்கோ" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மாமாவும் நானும் பொறுப்பேற்றுத் தலையாட்டினோம்.

கேமிங் ரவுட்டர் வந்தது அப்படித்தான். கறுப்பு உடம்பு, எட்டு ஆண்டெனா, உள்ளே சிவப்பு வெளிச்சம். மல்லாந்து கிடக்கும் நண்டு மாதிரி இருந்தது. கூடத்து அலமாரியின் உச்சியில் அதை வைத்தார். கோயிலுக்கு வந்த உறவுக்காரப் பெண்மணி எட்டுக் கைகளையும் சிவப்பொளியையும் பார்த்துவிட்டு, சக்கரத்தாழ்வார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமி திருத்தவில்லை.

"அவரும் வேகத்துக்குத்தான் இருக்கார்" என்றார்.

லேக் வேறு, ஜிட்டர் வேறு என்று எனக்கு விளக்கியவர் மாமிதான். ஆங்கிலப் பக்கங்களைப் படித்துக் குழம்பியிருந்த எனக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது.

"லேக்குங்கறது, சத்திரம் பஸ் ஸ்டாண்டு போற பஸ் தினமும் பத்து நிமிஷம் லேட்டா வரது. வரட்டுமே. நானும் பத்து நிமிஷம் லேட்டா கிளம்பிடறேன். ஜிட்டர்ங்கறது இன்னிக்கு லேட், நாளைக்கு சீக்கிரம், நாளன்னிக்கு ரெண்டு பஸ்ஸா ஒண்ணா வரது. அதுக்கு என்ன பண்ணுவேள்? லேக் சோம்பேறி. ஜிட்டர் அயோக்கியன்."

அந்த ரவுட்டரில் வீட்டில் யாருக்கு முதல் வழி, யாருக்குக் கடைசி வழி என்று வரிசை போடலாம். மாமியின் டேப்லெட் முதலில். பிறகு மாமி. அதாவது மாமியின் போன். எனக்குக் கடைசிக்கு முந்தைய இடம். கடைசி இடம் மாமாவின் டிவிக்கு. மாமா சாயங்காலம் இரண்டாம் தடவை குளித்துவிட்டு, ஈர வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டு, டிவியில் பெருமாள் சேவையும் உபன்யாசமும் பார்க்கிறவர். முதல் நாளே படம் உறைந்தது.

"பெருமாள் அசையமாட்டேங்கறாரே" என்றார் மாமா.

"அசையாமத்தானே இருக்கார்? அவர் பள்ளிகொண்ட பெருமாள். படம் நின்னாலும் அதே சேவைதான். பேசாம சேவிங்கோ."

மாமா சேவித்தார். உபன்யாசகர் வாயைத் திறந்தபடியே அரைமணி நேரம் இருந்தார்.

என் நிலைமை அதைவிட மோசம். நான் அனுப்பும் படங்கள் ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவே கொள்ளிடம் தாண்டாது. அலுவலகத்திலிருந்து போன் வரும்.

"என்னய்யா, படத்தை வரைஞ்சுக்கிட்டு இருக்கியா?"

கீழே இறங்கி முறையிட்டேன். மாமி தலை நிமிராமல் தீவில் யாரையோ சுட்டுக்கொண்டே சொன்னார்.

"உங்க நியூஸ் நாளைக்கிக் காலம்பறதானே வரப்போறது? அதுக்கென்ன இப்பவே அவசரம்?"

அன்று மாடிப்படியில் ஏறும்போது நான் முணுமுணுத்ததை அச்சில் போட முடியாது.

இத்தனை செய்தும் ஆறரை மணி ஜிட்டர் போகவில்லை. சுவர்கள் கோட்டைச் சுவர் மாதிரி தடிமன், அலை ஊடுருவாது, அதனால் லேன் கேபிள் இழுத்து, ஒரு அடாப்டர் வைத்து டேப்லெட்டிலேயே நேராகச் செருகிவிட வேண்டியதுதான் என்று மாமி முடிவெடுத்தார். வீட்டின் நீளத்துக்கு ஒரு கேபிள் போதவில்லை. இரண்டை வாங்கி, நடுவில் ஒரு சின்ன இணைப்பான் போட்டு ஒட்டினார். தரையில் விட்டால் மாமா தடுக்கி விழுவார். ஜன்னலோரம் விட்டால் குரங்கு இழுக்கும். யார் கையும் காலும் படாத இடம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான்: மடிக்கொடி. குளித்துவிட்டுத் தோய்த்த துணியைக் குச்சியால் உயரே போட்டு உலர்த்தும் மூங்கில் கழி. அந்தத் துணியைக் குளிக்காதவர்கள் தொட்டால் மடி என்கிற ஆசாரச் சுத்தம் போய்விடும். அதனால் கூடத்திலிருந்து பின்கட்டுவரை அந்தக் கழியோடு கேபிளைக் கட்டிவிட்டார். எனக்கும் அது சரியான யோசனையாகத்தான் பட்டது.

அடுத்த நாள் ஆறரைக்கு ஜிட்டர் முன்னைவிட மோசமாக இருந்தது.

கேபிள் செல்வத்தைக் கூப்பிட்டார்கள். எங்கள் தெருவுக்கெல்லாம் லைன் கொடுக்கிறவர். முதலில் கம்பெனியின் உதவி எண்ணுக்குத்தான் மாமி போன் செய்தார். அங்கே பேசிய பெண் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னாள். மாமி போட்டார். மறுபடி அணைக்கச் சொன்னாள்.

"ஏம்மா, உன்ன அணைச்சுப் போட்டா சரியாகுமா?" என்று கேட்டுவிட்டு மாமி வைத்துவிட்டார்.

செல்வம் காலையில் வருவார். மீட்டரைச் செருகுவார். எல்லாம் பச்சை.

"லைன் தங்கம் மாதிரி இருக்குங்க மாமி."

"சாயங்காலம் வந்து பாருங்கோ, தகரம்னு தெரியும்."

"சாயங்காலம் தில்லை நகர்ல ஆஸ்பத்திரி லைனுங்க. அங்க நின்னா உசுரு போயிருங்க."

"இங்க மட்டும்? தினமும் நான்னா செத்துண்டிருக்கேன்."

ஒவ்வொரு காலையும் இதே பேச்சு. ஒவ்வொரு காலையும் பச்சை. செல்வத்துக்கும் கோபம் ஏறிக்கொண்டே போனது. மாமி சொல்வது பொய் என்று அவர் நினைத்தார். செல்வம் சோம்பேறி என்று மாமி நினைத்தார். மாடியிலிருந்த நான் இரண்டும் உண்மை என்று நினைத்தேன்.

இதற்கிடையே குழுவிலிருந்து கெடு வந்தது. சனிக்கிழமை தஞ்சாவூர்க் குழுவோடு ஆட்டம். மணப்பாறைப் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"ப்ரோ, அதுக்குள்ள லேக் சரியாகலன்னா வேற ஆளப் போட்டுக்கறோம். கோச்சுக்காதீங்க."

மாமி மறுநாள் சாயங்காலமே செல்வத்தை வரவழைத்துவிட்டார். எப்படி வரவழைத்தார் என்பது தில்லை நகருக்கே கேட்டிருக்கும். செல்வம் வந்து மோடத்தைப் பார்த்தார், ரவுட்டரைப் பார்த்தார். இரண்டும் பச்சை. டேப்லெட் முனையில் சிவப்பு. கேபிள் போகும் வழியைக் கண்ணால் பின்தொடர்ந்தார். தலையை உயர்த்தினார்.

"அந்தக் கொடியில ஏதோ ஜாயிண்ட் மாதிரி தெரியுதுங்களே."

"ஜாயிண்ட்தான். அது மடி. தொடப்படாது."

"தொடாம எப்படிங்க பாக்கறது?"

"கண்ணால பாருங்கோ."

"கண்ணுல மீட்டர் இல்லைங்களே மாமி."

மாமா மெல்ல, "வேணும்னா குச்சியால..." என்று ஆரம்பித்தார்.

செல்வத்தின் முகம் மாறியதைப் பார்த்தேன். குரல் உயரவில்லை.

"வாசல்லேருந்து மோடம் வரைக்கும் இந்தக் கைதாங்க லைன் இழுத்துச்சு. இதுல வந்த நெட்டுலதான் நீங்க பெருமாளையே பாக்கறீங்க. அப்பல்லாம் ஒண்ணும் ஆகலீங்களே. இப்ப இந்தத் துண்டு வயர்ல மட்டும் என்னங்க ஒட்டிக்கும்?"

எனக்குக் காது சுட்டது. மடி என்பது குளிக்காத எல்லோருக்கும் பொது, மாமாவுக்கும் மகனுக்கும்கூட அதே விதிதான் என்று ஒரு சமாதானம் உண்டு. மாமா குளித்துவிட்டு வந்தால் தொடலாம். செல்வம் காவிரியில் முழுகிவிட்டு வந்தாலும் குச்சிதான் என்பது அங்கிருந்த நாலு பேருக்கும் தெரியும்.

அப்போதுதான் சொட்டியது. மாமா கால்மணி நேரம் முன்பு குளித்துவிட்டுப் போட்ட வேட்டி. ஈரம் கழியோடு ஓடி, கேபிள்கள் சேரும் இடத்தில் திரண்டு, மாமியின் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. மாமி தோளைப் பார்த்தார், கழியைப் பார்த்தார், கடைசியாக மாமாவைப் பார்த்தார்.

"தினமும் ஆறு மணிக்கு நீங்கதானா?"

"நான் குளிச்சேன்" என்றார் மாமா.

"செல்வம், ஸ்டூல் இருக்கு. ஏறுங்கோ. தொடுங்கோ. கொடியோட எறக்குங்கோ."

"மடி..." என்றார் மாமா.

"மடியாவது மண்ணாங்கட்டியாவது. கேபிள் போட்டதுலேர்ந்து உங்க வேஷ்டிதான் என்னைச் சுட்டுண்டிருந்திருக்கு."

செல்வம் ஏறினார். இணைப்பானைப் பிரித்தார். உள்ளே பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது, சாய்த்தால் தண்ணீர் வந்தது. காலைக்குள் காய்ந்துவிடும், அதனால் காலையில் எல்லாம் தங்கம். சாயங்காலம் நனையும், தகரம். மாமா வேட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி குளிக்கப் போனார். செல்வம் ஒரே நீளத்தில் புதுக் கேபிள் கொண்டுவந்து சுவரோரமாக அடித்துக் கொடுத்தார். மாமி அவரிடம் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"இத முன்னாடியே தொட்டுப் பார்த்திருக்கப்படாதா?" என்று அவரையே திட்டினார்.

அதில் எனக்கு மாமிமேல் வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

சனிக்கிழமை வந்தது. மாமி என்னை மாடியிலிருந்து இறக்கி, என் போனில் ரவுட்டரின் பிங் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"நீங்க பேப்பர்காரர். உள்ளதை உள்ளபடி சொல்லணும். நாளைக்கு எவனும் கையைக் குறை சொல்லப்படாது."

மாமா டிவியை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கியது. வரைபடத்தில் கோடு அகண்ட காவிரியின் மணல் மாதிரி மட்டமாகப் போனது. ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. அப்படி ஒரு சுத்தமான லைனை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

மாமி தஞ்சாவூர்க்காரர் ஒருவரை வீழ்த்தினார். இரண்டாவது ஆளை அடிபட வைத்தார். பிறகு ஒரு கிடங்குக்குள் நுழைந்தார். இடதுபுறம் படிக்கட்டில் ஒருவன் நின்றிருந்தான். நான் பார்த்தேன். மாமாகூடப் பார்த்துவிட்டார், அவர் விரல் தானாக நீண்டது. மாமி பார்க்கவில்லை. பார்த்தபோது திரும்பினார், விரல் பொத்தானுக்குப் போனது, போய்ச் சேரும் முன்பே மாமி தரையில் கிடந்தார். படம் உறையவில்லை. எல்லாம் கண்முன்னே, தெளிவாக, நேரத்துக்கு நடந்தது.

நான் காதைக் காப்பாற்றிக்கொள்ளத் தயாரானேன். சத்தம் வரவில்லை. மாமி டேப்லெட்டை மடியில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். வலது கைவிரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டார். அந்தக் குரலை அவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை.

"என்ன காமிச்சுது?"

போனில் கோடு மட்டமாகத்தான் இருந்தது.

"நடுவுல தூக்கிப் போட்டுது மாமி" என்றேன்.

"எவ்வளவு?"

"நூத்தி எண்பது."

மாமி மாமாவைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க ஒன்றையும் மறுக்காத அந்த மனிதர் என் போனை எட்டிப் பார்த்தார்.

"எரநூறுக்கே போச்சு. நான் பார்த்தேன்" என்றார்.

மாமியின் முதுகு நிமிர்ந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நான் சொல்லலே? கையில தப்பில்லேன்னு நான் சொல்லலே?"

குழுவுக்கு 'லைன் பிராப்ளம்' என்று தட்டி அனுப்பினார். மணப்பாறைப் பையன் உடனே பதில் சொன்னான்.

"விடுங்க முதல்வர் ப்ரோ, ரெண்டு பேர நீங்கதான் அடிச்சீங்க. அடுத்த சனிக்கிழமை நீங்க இல்லாம எறங்க மாட்டோம்."

அடுத்த நிமிடம் செல்வத்துக்கு போன் போனது. திட்டு தெருமுனைவரை கேட்டது.

மறுநாள் காலை செல்வம் வந்து மீட்டரைச் செருகினார். பச்சை. என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா விட்டத்தைப் பார்த்தார். செல்வம் மீட்டரைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"ஆமாங்க மாமி. தப்பு எங்க பக்கந்தான்."

"பின்னே? என் பக்கமா?" என்று ஆரம்பித்தார் மாமி. செல்வம் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், முழுவதையும் நின்று வாங்கிக்கொண்டார்.

நான் மாடிக்குப் போய், அந்தக் குரல் நன்றாகக் கேட்கும்படி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.